சாட்சி சொல்லும் நாள்

காவல் நிலையத்தில் அடிபட்டுச் செத்த பெருமாள்சாமியின் இரங்கல் கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. "கடைசிவரை நாங்க இருக்கோம்மா" என்று மேடையில் இருந்தவர்கள் அவன் தாய் பேச்சித்தாயின் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

ஆறு வருடம் கழித்து, அவள் சாட்சி சொல்லும் நாள் வந்தது. முந்தைய வாரமே ஒவ்வொருவருக்கும் போன் செய்து தேதியைச் சொல்லியிருந்தாள். பதினோரு மணிவரை நீதிமன்ற வாசலைப் பார்த்தபடியே நின்றாள். ஒருவரும் வரவில்லை. வராந்தா பெஞ்சில் குற்றம் சாட்டப்பட்ட ஏட்டின் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க? உக்காருங்க" என்று அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பேச்சித்தாய் தயங்கித் தயங்கி ஓரமாக உட்கார்ந்தாள்.

"உள்ள போய் என்ன சொல்லுவீங்க?"

"எம்புள்ள ஸ்டேஷனுக்குள்ள இருந்து அம்மான்னு கத்தினதச் சொல்லுவேன்."

அந்தப் பெண் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் சட்டையில இருந்த ரத்தத்த நாந்தான் அலசினேன்" என்றாள்.

நீதிமன்ற டவாலி பேச்சித்தாயின் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள்.

"இத நீ உள்ள வந்து சொல்லுவியா, தாயி?"

அந்தப் பெண் எழுந்து, கதவுவரைக்கும் கூடவே நடந்து வந்தாள்.