மூன்றாவது வரிசைச் சிரிப்பு

"அக்கா, பவுடரைத் துடைச்சு விட்ருங்க. நான் மேடை ஏறலை."

திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிய சோடாபுட்டியின் முகம் வெளிறியிருந்தது. டிவி பார்க்கும் வீடுகளில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பட்டப்பெயரே பெயராகிப்போன நகைச்சுவை நடிகர்.

மேக்கப் அக்கா பஞ்சும் கையுமாக நின்றார். "யாரு சார் வந்திருக்கா? மாமியாரா?"

"அதைவிட மோசம். உம்மணாமூஞ்சி. மூணாவது வரிசையில, கையில மஞ்சப் பட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

அக்கா எட்டிப் பார்த்தார். "அந்த வரிசை பூரா மஞ்சப் பட்டைதானே சார். முக்கியமானவங்க போல."

சோடாபுட்டியும் உம்மணாமூஞ்சியும் ஒன்றாகச் சின்ன மேடைகளில் தொடங்கியவர்கள். சோடாபுட்டி எந்த ஜோக்கைச் சொன்னாலும் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு, "இதுல சிரிப்பு எங்கடா இருக்கு? நானும் தேடிப் பாத்துட்டேன்" என்பார். சோடாபுட்டி வீட்டுக்குப் போய், அழாத குறையாக, அதைத் திரும்பத் திரும்ப எழுதுவார்.

அப்படி எழுதி எழுதித்தான் அவர் மேலே வந்தார். புகழ் வந்தது, கார் வந்தது, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். நண்பனின் முகத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு மட்டும் வரவேயில்லை.

இப்போது அவருடைய டிவி நிகழ்ச்சி சரிந்துகொண்டிருந்தது. சிரிப்பெல்லாம் மெஷினில் இருந்து வருகிறது என்று பார்க்கிறவர்களே எழுதினார்கள். ரோஷம் தாங்காமல் நேற்றுதான் அவர் தயாரிப்பாளரிடம் சொல்லியிருந்தார்:

"நாளைக்கு ரெக்கார்டு சிரிப்பை ஒட்டக் கூடாது. ஹால்ல சிரிச்சாத்தான் சிரிப்பு. இல்லேன்னா இதோட நான் நிறுத்திக்கிறேன்."

தயாரிப்பாளர், "உங்க இஷ்டம் சார்" என்றார்.

"அவன் சிரிக்காட்டி என்ன, மத்தவங்க சிரிப்பாங்க. போங்க சார்" என்று அக்கா அவரை மேடைப் பக்கம் தள்ளிவிட்டார்.

முதல் ஜோக்குக்கு ஹால் சிரித்தது. அவர் காதில் அது விழவேயில்லை. மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மணாமூஞ்சியின் கண்கள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் மேல் இருந்தன. சிரிப்பை அடக்கத்தான் வேறெங்கோ பார்க்கிறான் என்று சோடாபுட்டிக்குத் தோன்றியது. தைரியம் வந்தது.

"நேத்து தெருவுல ஒருத்தர் ஓடி வந்து, 'சார், நான் உங்க பரம ரசிகன்'னார். கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு, 'அய்யோ, நீங்க அவர் இல்லையா?'ன்னு திருப்பிக் குடுத்துட்டார்."

உம்மணாமூஞ்சி சிரித்தார். தோள் குலுங்க, பக்கத்து ஆளின் தொடையில் தட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு சோடாபுட்டி என்ன பேசினார் என்று அவருக்கே நினைவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் தயாரிப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்கயும் போகலை. அடுத்த வருஷமும் இருக்கேன். அவனே சிரிச்சுட்டான் சார்!"

தயாரிப்பாளர், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசை காலியாகியிருந்தது. பின்வாசல் பக்கம் நீண்ட வரிசை ஒன்று நிற்க, அதன் முன்பகுதியில் உம்மணாமூஞ்சி நின்றிருந்தார். அருகில் பார்க்கும்போது காலர் நைந்திருந்தது. சோடாபுட்டி ஓடிப்போய் அவர் தோளைப் பற்றினார்.

"டேய், சிரிச்சுட்டடா! இப்பவாவது ஒத்துக்கோ. எந்த இடத்துல விழுந்தே?"

பழைய அதே முகம். வரிசை நகர்ந்ததும் உம்மணாமூஞ்சி மணிக்கட்டை நீட்டினார். தொப்பிக்காரர் மஞ்சள் பட்டையைக் கத்தரித்துவிட்டு அவர் கையில் ஒரு கவரை வைத்தார்.

"நல்லா பண்ணீங்க பெரியவரே. நாளைக்கும் வாங்க, வேற சட்டை போட்டுட்டு."

உம்மணாமூஞ்சி கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நண்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ரெக்கார்டு சிரிப்பு வேண்டாம்னு சொன்னியாமே... உன் புண்ணியத்துலதான்டா இன்னைக்கு எங்களுக்கு வேலை."