உப்பென்று சொன்ன இடம்

"அதில உப்பு, உம்மா. வேற இடம் பாருங்க" என்றார் வல்லிபுரம்.

தனுஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துளைபோடும் கம்பியை இன்னும் லேண்ட்மாஸ்டர் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. ஒரு பிடி மண் அள்ளிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு எப்படித் தெரியும் உப்பென்று?

குழாய்க்கிணறு போடுகிற அவர்கள் குடும்பத்துக்கு ஒரேயொரு சட்டம்தான். முதல் தண்ணீரில் அங்கேயே அடுப்பு மூட்டிப் பிளேன்டீ போடுவார்கள். முதல் மிடறு அப்பா, அடுத்தது தனுஷா, பிறகுதான் காணிக்காரர். நாக்கில் உப்புத் தட்டினால் குழாயைப் பிடுங்கி, குழியை மூடிவிட்டு, கூலி வாங்காமல் வந்துவிடுவார்கள்.

இயக்கத்தை விட்டு நொண்டிக் காலோடு வந்தவருக்கு அந்த நாளில் ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. அந்தப் பிளேன்டீதான் இருபது வருஷமாக அவருக்கு நற்சாட்சிப் பத்திரம். இன்றைக்கு முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியிலிருந்தும் போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள்.

ஸைனம்பு உம்மாவும் அப்படிக் கூப்பிட்டவர்தான். வாவிக்கரையில் நெடுங்காலம் பற்றைக்காடாகக் கிடந்த காணியை இப்போதுதான் துப்புரவாக்கியிருந்தார்.

"வாசல்ல போட்டா எப்பிடித் தம்பி?" என்று முதலில் கேட்டார்.

"நல்ல தண்ணி வரும், உம்மா."

"வேலியோரம்?"

"அதிலயும் வரும்."

"இந்த விளா மரத்தடியில?"

அங்கேதான் அப்பா உப்பென்றார்.

உம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி தம்பி. நீங்க சொன்னாச் சரிதான். மறுகா சொல்லி அனுப்புறன்" என்றார்.

திரும்பும் வழியில் தனுஷாவால் வாயை அடக்க முடியவில்லை.

"வேலியோரம் நல்ல தண்ணி. இருபதடி தள்ளினா உப்பா, அப்பா?"

"உப்பெண்டா உப்புத்தான்."

"நாக்கில வெச்சுப் பாத்தீங்களா?"

"அந்த வேலை நமக்கு வேணாம், பிள்ளை."

"ஏன் வேணாம்? சோனக ஆக்கள் எண்டதாலயா?"

வல்லிபுரம் லேண்ட்மாஸ்டரின் வேகத்தைக் கூட்டினார். பாதை சரியில்லாத இடத்திலும் குறைக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அம்மா சிரித்தாள்.

"உங்கட அப்பா பொய் சொல்லுறதா? என்னைப் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே, கறியில உப்புக் கூட எண்டு எங்கட அம்மாட முகத்துக்கு நேர சொன்ன மனிசன் பிள்ளை அவர்!"

அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

தனுஷாவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இருபது வருஷம் கட்டிக்காத்த பெயர். ஒரு கிழவியிடம் போய் இப்படியா?

மறுநாள் காலையில் அப்பாவுக்குச் சொல்லாமல் சைக்கிளை எடுத்தாள். உம்மாவின் காணிக்கு அடுத்த வளவுக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தாள். குடித்துப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருந்தது. அந்தக் கிணற்றிலிருந்து விளா மரம் முப்பதடிகூட இல்லை.

உம்மா மரத்தடியில்தான் இருந்தார். புதிதாகச் சீவிய இரண்டு கட்டைகள், ஓராள் நீளத்துக்கு இடைவெளி விட்டு, ஊன்றாமல் நிலத்தில் கிடந்தன.

"வேற மெசின்காரனுக்குச் சொல்லிட்டீங்களா, உம்மா? அளந்து வெச்சிரிக்கிறீங்க?"

"இல்ல மகள்."

தனுஷா போத்தலை நீட்டினாள்.

"அப்பா உங்களுக்குப் பொய் சொல்லிட்டாரு, உம்மா. ஏன் எண்டு எனக்குத் தெரியா. இந்த மண்ணில உப்பில்ல. நானே இந்த இடத்தில கிணறு போட்டுத் தாறன். ஒரு சதம் வேணாம்."

உம்மா போத்தலை வாங்கினார். குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"உப்பில்ல எண்டு தெரியும். நான் கலியாணம் முடிச்சு வந்த காணி இது."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"முப்பத்தி நாலு வருஷத்துக்கு முந்தி, தேங்கா ஆயப் போறன் எண்டு இஞ்ச வந்த என்ட மனிசன் கச்சி முகம்மது திரும்பி வரல்ல. துவக்கோட வந்து சுத்தி நிண்ட பொடியன்கள்ல உங்கட அப்பாவும் ஒராள் எண்டு, பாத்த ஆக்கள் சொன்னாங்க."

தனுஷா உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மனிசன எங்க போட்டீங்க எண்டு நேர கேட்டா ஆர் மகள் வாய் திறப்பாங்க? மறுகாதான் ஊரெல்லாம் சொன்னாங்க, அந்த வல்லிபுரம் தண்ணி விசயத்தில பொய்யே சொல்ல மாட்டாரெண்டு. அதுதான் காணியில ஒவ்வொரு இடமாக் கேட்டன். ஓமெண்டாரு. ஓமெண்டாரு. இந்த இடத்துக்கு மட்டும் பொய் சொன்னாரு. கம்பி இறக்க அவருக்கு மனம் வரல்ல."

வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கட்டைகளில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இது கப்ருக் குழியில நடுற மீசான் கட்டை. ஒண்டு தலைமாட்டில, ஒண்டு கால்மாட்டில. தலை எந்தப் பக்கம் எண்டு மட்டும் எனக்குத் தெரியல்ல. உங்கட அப்பாட்ட கேட்டுச் சொல்லு மகள். இனி அவரு பொய் சொல்ல மாட்டாரு."