ஆறேகால் பஸ்

எந்த நாடு வரியைக் குறைக்கிறதோ அங்கே ஓடும் பன்னாட்டுக் கம்பெனிகளைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. வரிவிலக்கு முடிந்ததும் பினாங்கை விட்டு ஓடியவை ஏழு என்று அட்டவணை போட்டிருந்தேன். 1984இல் மூடப்பட்ட பாயான் லெப்பாஸ் ரேடியோ தொழிற்சாலையும் அதில் ஒன்று. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரமே இருந்தது.

அங்கே வேலை பார்த்த தெரேசா அக்காவை, அது மூடி நான்கு வருடம் கழித்துச் சுங்கை பினாங்கில் தேடிப் பிடித்தேன்.

“இப்ப எங்கக்கா வேலை?”

“அதே பேக்டரிதான்லா,” என்று கலகலவென்று சிரித்தார்.

நேரில் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த கேட்டுக்குப் பின்னால் இடுப்பளவு லாலாங் புல் மட்டும் நின்றது.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு, நான் காத்திருந்த அக்கா வீட்டு முன்னால் தொழிற்சாலையின் நீல பஸ் வந்து நின்றது. உள்ளே முப்பது பெண்கள், ஒரே பாட்டும் கும்மாளமும்.

“ஏறு தங்கச்சி, இடம் இருக்கு!” என்றார் அக்கா.

ஏறினேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும், அட்டவணையில் ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். பற்றவைத்த ஈயத்தின் வாசனை, சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் சோறு கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே போய் நின்றேன்.