நாலு போல்ட், ஒரு மச்சான்

பாதுகாப்பு என்பது மனித நாகரிகத்தின் அஸ்திவாரம்.

இந்த உண்மை அவருக்கு இன்று காலை எட்டே முக்காலுக்கு, மச்சானின் போனை வைத்த மறு நிமிடம் புலப்பட்டது.

"மாப்பிள்ளை, பத்து மணிக்கு வர்றேன். நம்ம மெஷினை எடுத்துட்டுப் போயிடறேன்" என்றிருந்தார் மனைவியின் அண்ணன்.

மெஷின் கார் ஷெட்டில் நின்றது. ஆள் உயரம், இருநூறு கிலோ, மரம் அறுப்பது. 'ரெண்டே நாள்' என்று சொல்லி மச்சானிடம் இரவல் வாங்கியது. அந்த இரண்டு நாளுக்கு இப்போது நான்கு வயது.

அது வந்த பிறகுதான் தெருவில் அவருக்குப் 'பட்டறைக்காரர்' என்று பெயர் வந்தது. விருந்தாளிகளை முதலில் ஷெட்டுக்குத்தான் அழைத்துப் போவார். "நம்ம பட்டறை" என்று கதவைத் திறப்பார். மெஷின் போய்விட்டால் பட்டறை மறுபடி கார் ஷெட் ஆகிவிடும். அதிலும் கார் இல்லாத ஷெட்.

அதனால் பாதுகாப்பு. இத்தனை காலம் அது யார் மேலும் சாயவில்லை, சரி. சாய்ந்தால்? பொறுப்புள்ள குடும்பத் தலைவர் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? காங்கிரீட் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் சாயாது. எங்கேயும் போகாது. யாருடனும் போகாது.

மெஷினை அங்குலம் அங்குலமாக ஆட்டி நகர்த்திச் சுவரோடு ஒட்ட நிறுத்தினார். இரண்டு இரும்புப் பட்டைகளை அதன் மேல் வளைத்தார். சுவரில் நாலு ஓட்டை போட்டார். கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்கள், மாவு எடுக்கலாம். ஓட்டைக்குள் இருந்த தூளை வாயால் ஊதினார். அது வந்த வழியே முகத்துக்குத் திரும்பியது. தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது வந்திருப்பது யாரென்று மனைவிக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"அண்ணன் கேட்டா கொடுத்துட வேண்டியதுதானே?"

"கொடுக்க மாட்டேன்னா சொன்னேன்? இது பாதுகாப்பும்மா. நாளைக்கு உன் மேல சாஞ்சா?"

"பன்னிரண்டு வருஷமா என் மேல சாயற பாரம் எதுன்னு எனக்குத் தெரியும்."

வாதத்துக்கு நேரமில்லை. ஓட்டைகளில் பசையைப் பிதுக்கி, நாலு போல்ட்டையும் திருகிச் செருகினார். பசைக் குழாய் மேல் எழுதியிருந்தது: நாற்பத்தைந்து நிமிடம் தொடக்கூடாது. அதன் பிறகு சுவர் பெயர்ந்தாலும் போல்ட் பெயராது. அதற்கு முன்னால் குழந்தை இழுத்தாலும் வந்துவிடும்.

அப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து.

மச்சானுக்கு நேரம் தவறாமை என்ற கெட்ட பழக்கம் உண்டு. ஒன்பது ஐம்பத்தைந்துக்கே கேட் சத்தம் கேட்டது. கையில் மடித்த துணிப்பை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. வண்டி இல்லை, ஆள் இல்லை. இருநூறு கிலோவுக்குத் துணிப்பை. மாப்பிள்ளைக்கு மச்சானின் மேல் இரக்கமே வந்தது.

"வாங்க மச்சான், முதல்ல உக்காருங்க. முட்டி வலி எப்படி இருக்கு?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. மச்சான் நெகிழ்ந்துபோனார். வலது முட்டியில் தொடங்கினார். பத்து பத்துக்கு இடது முட்டிக்கு வந்தார். மனைவி இரண்டாவது காபியை மேசையில் வைத்த சத்தத்திலேயே மூன்றாவது கிடையாது என்பது தெரிந்தது.

பத்து இருபத்தொன்றுக்கு மாப்பிள்ளை எழுந்தார்.

ஷெட்டில் நுழைந்ததும் மெஷினை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். மலை. பிறகு முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்க மச்சான். பாதுகாப்புக்காக இப்பத்தான் பூட்டினேன். இனிமே இதை எடுக்கணும்னா சுவரை இடிச்சாத்தான் உண்டு."

மச்சான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து, தரையில் கிடந்த டிரில்லிங் மெஷினை எடுத்து, சிமெண்டுத் தூளைத் துடைத்தார்.

"அட, வெளியவே எடுத்து வெச்சிருக்கீங்களே. இதுக்குத்தான் வந்தேன். போன வருஷம் வாங்கிட்டு வந்தீங்க, மறந்திருப்பீங்களோன்னு நெனச்சேன். ஜன்னலுக்கு ஸ்கிரீன் மாட்டணும்."

துணிப்பை விரிந்தது. டிரில்லிங் மெஷின் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்ப, இது?"

"அதுவா? அதை வைக்க எங்க வீட்ல ஏது இடம்? நீங்களே வெச்சுக்கங்கன்னு தங்கச்சிகிட்ட அப்பவே சொல்லிட்டேனே."

தங்கச்சி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அது வீட்டிலேயே தங்கிவிடும் என்ற நியாயமான பயம்.

ஆக, மெஷின் அவருடையதுதான். முறைப்படி. நான்கு வருடத் திருட்டு முழி நொடியில் உரிமையாளரின் பார்வையாக மாறியது. நெஞ்சை நிமிர்த்தி, பட்டைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்சமா பூட்டியிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "எங்க, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, பார்த்துட்டுக் கிளம்பறேன்."

மாப்பிள்ளை பிளக்கைச் செருகினார். சுவிட்சைத் தேடினார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். நான்கு வருடத்தில் அவர் அதை ஒரு முறைகூட ஓட்டியதில்லை.

சுவிட்ச் சுவர்ப் பக்கம் இருந்தது.