பெஸ்ஸியின் கடைசி வியாழக்கிழமை

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, சத்தியம். ஆர்வில் லிண்ட்க்விஸ்ட் தம் கண்ணால் பார்த்து, தம் வாயால் சொன்னது. நடுவில் யாரும் கை வைக்கவில்லை.

அன்று ஆர்வில் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாலை நான்கு மணிக்குப் பெஸ்ஸியின் மூச்சை நிறுத்திவிடுவது என்று முடிவாகியிருந்தது. மூன்று மாதமாகவே பெஸ்ஸிக்கு உடம்பெல்லாம் அனல்; பக்கத்தில் இரண்டு மின்விசிறி வைத்தும் தணியவில்லை.

பெஸ்ஸி என்பது ஆளுயரக் கணிப்பொறி. சன்னிவேலில், தொண்ணூற்றெட்டில், ஹார்பர்பாயின்ட் என்ற இணைய வாசலுக்கு வந்து யார் எதைத் தேடினாலும் எடுத்துக் கொடுத்தது அதுதான். கிழடாகிவிட்டது, வெளியிலிருந்து புதுத் தேடுபொறி வாங்கலாம் என்றார்கள். அந்த ஒப்பந்தத்துக்காக இரண்டு கம்பெனிகள் மூன்று மாதமாக முட்டி மோதிக்கொண்டிருந்தன.

பெஸ்ஸி போனால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆர்விலும் போக வேண்டியதுதான். அறுபத்தொரு வயதில், வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போதும் என்றுதான் அவருக்கும் இருந்தது. ஆனால் ஆகஸ்டில் மனைவி வெர்னாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. வேலை போனால் கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு போகும். காப்பீடு போனால் முழங்கால் போகும்.

"ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டிக்கலாமே, டெனிஸ்."

"இதோட அம்பதாவது தடவை கேக்குறீங்க ஆர்வில்," என்றாள் மேலாளர் டெனிஸ் ஒகமுரா. அவளும் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. "அஞ்சு மணிக்குப் புதுத் தேடலைத் திறக்கிறோம்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லியாச்சு. என் கழுத்துல கத்தி."

காலையிலேயே ஹார்பர்பாயின்ட்டின் முகப்பில் 'தேடல் பகுதியில் பராமரிப்பு வேலை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பெஸ்ஸியை எதுவும் கேட்க ஊரில் ஆளில்லை. ஆர்வில் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, நோயாளிக்குத் துணை இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைசிப் போட்டி. டிங்கோடெக்கிலிருந்து கிளின்ட், லூமாஃபைண்டிலிருந்து பிரைஸ், ஆளுக்கொரு மடிக்கணினி. இரண்டு பேர் கண்ணிலும் ஒரு மாதத் தூக்கம் பாக்கியிருந்தது. நடுவில் ஒரு பெட்டி டோனட்.

பிரைஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினான். "என்ன பெரியவரே, பாட்டிக்கு டாட்டா சொல்லியாச்சா?"

"சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் தம்பி. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

டெனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எங்க வீட்டு மச்சுல ரக்கூன் புகுந்து குட்டி போட்டிருக்கு. அதை விரட்டுறதுக்கு உங்க ரெண்டு பேருல யார் வழி சொல்றீங்கன்னு பாப்போம்."

இரண்டு மடிக்கணினியிலும் ஒரே கேள்வியைத் தட்டினாள். ஒரு நொடியில் இரண்டிலும் பதில் வந்து குவிந்தது.

இந்தப் பக்கம் பெஸ்ஸியின் பச்சை விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. ஆர்வில் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவருக்கும்தான் சில மாதமாக இமை துடிக்கிறது. வயதானால் அப்படித்தான்.

நல்ல பதில் கிளின்டின் பட்டியலில் முதலாவதாக இருந்தது. பிரைஸின் பட்டியலில் அதுவே கடைசியில் கிடந்தது. இப்படியே முப்பது கேள்வி. முப்பதிலும் அதே கதை.

"டிங்கோடெக்," என்றாள் டெனிஸ். கிளின்ட் மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டான், தூங்குவதற்கா அழுவதற்கா என்று தெரியவில்லை. பிரைஸ் பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரே டோனட்டை எடுத்துக்கொண்டான்.

மணி நான்கு. டெனிஸ் கண்ணாடியைத் தட்டினாள். "ஆர்வில், அணைச்சிருங்க. மன்னிச்சுக்கோங்க."

ஆர்வில் டையைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஒயரைப் பிடுங்கினார். பெஸ்ஸி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. மின்விசிறிகள் மட்டும் சும்மா சுற்றின.

"சரி, இதைக் கொண்டாட நல்ல உணவகமா ஒண்ணு தேடுவோம்," என்று டெனிஸ் கிளின்டின் மடிக்கணினியில் தட்டினாள். திரை வெள்ளையாக இருந்தது. மறுபடி தட்டினாள். வெள்ளை.

கையை நீட்டிப் பிரைஸின் மடிக்கணினியில் தட்டினாள். அதுவும் வெள்ளை.

கிளின்ட் மெல்லத் தலையைத் தூக்கிப் பிரைஸைப் பார்த்தான். "நீயுமா?"

"நாங்க சும்மா எடுக்கலைப்பா. தலைகீழா அடுக்கித்தான் குடுத்தோம்," என்றான் பிரைஸ், ஞாயம் கேட்பவன் போல.

ஆர்வில் வாசலில் வந்து நின்றார். கையில் ஒயர். "நாம முன்வாசலைத்தான் பூட்டியிருக்கோம் டெனிஸ். ரெண்டு பேரும் கொல்லை வழியா வந்து பெஸ்ஸியைத்தான் கேட்டிருக்காங்க. அதான் அந்த அனல். பாவம், மூணு மாசமா மூணு வீட்டுச் சமையலை ஒத்தையா செஞ்சிருக்கா."

டெனிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு பத்து. "ஆர்வில்... அந்த ஒயரைக் கொஞ்சம் திரும்ப மாட்டுங்களேன். ஆகஸ்ட் வரைக்கும் நீங்களே பாத்துக்கோங்க. எழுதித் தரேன்."

ஆர்வில் அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெர்னாவுக்கு ரெண்டு முழங்காலுங்க. இன்னொண்ணு அடுத்த மார்ச்சுல."

அந்த வியாழக்கிழமைக்கு ஆர்வில் கொடுத்த விடுப்புச் சீட்டு இன்னும் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது: 'நாள் முழுவதும், டாஹோ ஏரியில், மீன் பிடிக்க.'