ஞாயிற்றுக்கிழமை மணி

தங்கை கல்யாணத்துக்கு எங்கள் மேனேஜர் ரெஜினா லீவு தரவில்லை.

"சர்வர்ல கண்டெய்னர் வுழுந்தா உந்தங்கச்சியா வந்து தூக்கும், பூபாலா?"

தாலி கட்டியதைப் படூர் ஆபீஸில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அன்றே பழிவாங்கினேன். கண்டெய்னர் என்பது சர்வருக்குள் எங்கள் மென்பொருள் ஓடும் பெட்டி; அது நின்றால் தானாக ஓடி ரெஜினாவின் போனில் மணி அடிக்க ஒரு கட்டளை எழுதிவைத்தேன். எடுக்கும்வரை அடிக்கும்.

அடுத்த ஞாயிறே அடித்தது, அவர் சர்ச்சில் இருந்தபோது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ஐந்தே நிமிடத்தில் என் போன் அடித்தது.

"கண்டெய்னர் நின்னுகீதுப்பா. கெளம்பி ஆபீஸ் வா."

ஏழு ஞாயிறு இப்படியே போனது. மணி அவருக்கு, வேலை எனக்கு. எட்டாவது ஞாயிறு மாமல்லபுரத்தில் தங்கை வீட்டு விருந்தில் பாதி வறுவலோடு எழுந்து ஆபீஸுக்கு ஓடிவந்தேன். சர்ச் முடிந்து ரெஜினாவும் வந்திருந்தார்.

"முடியல மேடம். அந்தக் கட்டளைய எழுதினது நான்தான். அழிச்சிடறேன்."

"மொத வாரமே பாத்துட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கண்டெய்னரை நிறுத்தினது நான்தான்."

நான் கட்டளையை அழிக்க லேப்டாப்பைத் திறந்தேன். விரலில் வறுவல் வாசனை வந்தது.

"போன் அடிக்க எழுதத் தெரிஞ்ச நீ, கண்டெய்னர் தானா எழுந்துக்கவும் எழுதியிருந்தா, அன்னிக்கு கல்யாணத்துக்கே போயிருப்பியேடா!"