கவட்டைக்குக் கீழே ஒரு முழம்

புளியங்கட்டையின் மேல் கருவி ஒன்பதாவது முறையாகக் கத்தியது.

அதை விற்கத் திருச்சியிலிருந்து வந்தவர் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியதுபோல் எல்லோரையும் பார்த்தார்.

மரத்துக்குள் இரும்பு இருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் கருவி, எண்பத்தைந்தில் செந்துறைப் பக்கம் யாரும் பார்த்திராதது. போலீஸ்காரர் கைத்தடியில் பாதி நீளம்கூட இல்லை. விலையோ நாலு ரம்பத்தின் விலை. மர மில் முதலாளி செல்லமுத்து அதனால்தான் அரை மணி நேரமாகத் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பொன்பரப்பி ரோட்டை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்தை அவர் ஏலத்தில் எடுத்திருந்தார். அது பேய் ஓட்டும் மரம். பேய் பிடித்த பெண்ணின் முடிக்கற்றையை ஆணியில் சுற்றி அந்த மரத்தில் அடித்துவிட்டால் பேய் அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். முடி மட்கிவிடும். ஆணியை மரம் விழுங்கிவிடும். அது உள்ளே இருப்பது பிறகு ரம்பத்துக்குத்தான் தெரியவரும். நேற்று முதல் கட்டையிலேயே ஒரு ரம்பம் இரண்டாகத் தெறித்துவிட்டது.

"என்ன ராசாங்கம், வாங்கலாமா?"

ராசாங்கம் இருபது வருஷமாக அந்த மில்லில் மரம் அறுப்பவன். அவன் வேண்டாம் என்றால் முதலாளியும் வேண்டாம் என்றுவிடுவார். அதைச் சொல்லத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான்.

"எங் கண்ணுக்குத் தெரியாததா இந்தக் குச்சிக்குத் தெரியப்போவுது? போதுங்க முதலாளி, அவரை அனுப்பிடுங்க."

"இருப்பா. மிச்சத்தையும் பாத்துரட்டும்."

மிச்சம் ஒரு முழம்தான். கிளை பிரியும் கவட்டைக்குக் கீழே இருந்த அந்த ஒரு முழத்தில் பத்தாவது ஆணி இருந்தது.

பூசாரி அடித்தபோது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது ராசாங்கத்தின் கை. அதில் சுற்றியிருந்தது மலர்கொடியின் முடி. உள்ளே போனது அம்சவள்ளி.

அம்சவள்ளி அவனுடைய முதல் சம்சாரம். காய்ச்சலில் செத்துப்போனாள். ஆறு மாதம் கழித்து அவளுடைய தங்கை மலர்கொடியையே கட்டிக்கொண்டான். ஒரு மாதத்துக்குள் தங்கையின் வாயிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மற்ற பேய்களைப் போல அது சுருட்டும் சாராயமும் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு என்னை ஏன் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை?

ஆணி இறங்கியதும் கேள்வி நின்றது. பன்னிரண்டு வருஷமாக அந்த நிம்மதியில்தான் அவன் தின்றான், தூங்கினான்.

கருவி கத்தினால் முதலாளி ஆணியைப் பிடுங்கச் சொல்வார். பிடுங்கினால் அம்சவள்ளி வருவாள், மறுபடியும் கேட்பாள். அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும், உளுத்த கட்டை என்று தள்ளி எங்காவது கொண்டுபோய்ப் புதைத்துவிடுவான்.

மலர்கொடி மத்தியானச் சோற்றுத் தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். கட்டையையும் வட்டங்களையும் பார்த்தாள். புருஷனின் பக்கத்தில் வந்து நின்றாள்.

திருச்சிக்காரர் கவட்டைக்குக் கீழே கருவியைக் கொண்டுபோனார்.

கருவி கத்தவில்லை.

மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. சத்தமே இல்லை.

"இங்க சுத்தம் சார்" என்றார் திருச்சிக்காரர்.

தப்பித்தோம் என்று ராசாங்கம் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அவர் கையிலிருந்து கருவியை வெடுக்கென்று பிடுங்கித் தானே அந்த இடத்தில் வைத்து அழுத்தினான். சத்தமில்லை. முதலாளியின் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நன்றாகவே கத்தியது. திரும்பவும் கட்டையில் வைத்தான். சத்தமில்லை.

மலர்கொடி அவன் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"அது அங்க இல்லைங்க. மறுநாளே கல்லால தட்டித் தட்டிப் புடுங்கிட்டேன். அக்காவை அந்த ரோட்டோரத்துல தனியா வுட்டுட்டு வர மனசு வரலை."

ராசாங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட முகம்தான். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அம்சவள்ளி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்ப்பா, ஒண்ணுஞ் சொல்லாம உக்காந்துட்டா எப்புடி?" என்றார் செல்லமுத்து. "வாங்கலாமா, வேணாமா?"

ராசாங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை.

"அன்னிக்குக் கடைசி பஸ் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு மலரு. எனக்குத்தான் அலுப்பா இருந்துச்சு. விடிஞ்சதும் போயிக்கலாம்னு படுத்துட்டேன்."

செல்லமுத்துவும் திருச்சிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மலர்கொடி கீழே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள்.

"தெரியும், எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள். "சாப்புடுங்க."